நாலாம் கற்பனையும் முதியோர் இல்லமும்



வயதான தாயையோ தகப்பனையோ முதியோர் இல்லத்தில் சேர்ப்பது பாவமா? நம் இரணியல் பகுதியில் பல வீடுகள் இந்தக் கேள்வியோடு தவிக்கின்றன. ஒரு மகன் வளைகுடா நாட்டில், ஒரு மகள் பெங்களூரில். ஊரில் பெரிய வீடு, அதற்குள் தள்ளாத வயதில் ஒரு தாய் மாத்திரம். 2011-ம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நம் மாநிலத்தில் நூறு பேருக்குப் பத்துப் பேருக்குமேல் அறுபது வயது கடந்தவர்கள். ஆகையால் இது ஏதோ இரண்டொரு குடும்பத்தின் கவலை அல்ல.

ஊர் என்ன சொல்லுமோ என்று பயந்து, விழுந்தால் தூக்க ஆளில்லாத வீட்டில் தாயை விட்டுவைக்கிறவர்கள் உண்டு. விளம்பரத்தைப் பார்த்து, மாதப் பணத்தைக் கட்டி, கடமை தீர்ந்தது என்று கைகழுவுகிறவர்களும் உண்டு. இரண்டும் நாலாம் கற்பனைக்கு ஒவ்வாது. அப்படியானால் எது ஒக்கும்? கல்வாரி மலையில் அதற்குப் பாடம் இருக்கிறது.

அர்ச். அருளப்பர் எழுதிய சுவிசேஷத்தின் 19-ம் அதிகாரத்தை இன்று இரவு செபத்துக்குப் பின் வாசியுங்கள். சிலுவையில் அறையுண்ட நம் ஆண்டவர், தம் தாயாரை இனித் தாமே பராமரிக்க முடியாத நிலையில், அவர்களைத் தம் சீடரிடம் ஒப்படைக்கிறார். எனவே, இயலாத வேளையில் தாயைப் பிறர் கையில் ஒப்படைப்பது தன்னிலே பாவமல்ல. ஆனால் அவர் ஒப்படைத்த விதத்தைக் கவனியுங்கள்.

முன்னதாக ஒரு கேள்வி. அவருடைய கைகள் ஆணியால் கட்டுண்டிருந்தன. நம் கைகள்? இயலாமையா, மனமில்லாமையா என்பதை மனச்சாட்சியில் சோதித்துக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிகள் முறைவைத்துப் பார்க்க முடியாதா? பகலுக்கு ஓர் ஆளை அமர்த்த முடியாதா? கோயிலுக்குக் காணிக்கை என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கண்டித்ததை மாற்கு சுவிசேஷத்தின் 7-ம் அதிகாரத்தில் காண்கிறோம். திருவிழாவுக்கு ஆயிரங்கள் கொடுத்துவிட்டு, அம்மாவின் மருந்துக்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் அதை நினைவில் கொள்ளட்டும்.

1. முதலில் தாயிடம் பேசினார்.

சீடரிடம் பேசுமுன் ஆண்டவர் தாயாரிடமே பேசினார். நம் வீடுகளிலோ மக்கள், மருமக்கள், அடுத்த வீட்டுக்காரர் எல்லாரும் அறிந்த பிறகே அம்மாவுக்குத் தெரிகிறது. “டாக்டரிடம் போவோம்” என்று காரில் ஏற்றி இல்லத்தில் இறக்கிவிடுவது வஞ்சகம். அவர்களையும் கூட்டிப்போய் இடத்தைக் காட்டுங்கள். முடிந்தால் சில நாள் தங்கியிருந்து பார்க்கட்டும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேளுங்கள். “அங்கே பூசை உண்டா? மரித்தால் என்னை நம் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவீர்களா மக்களே?” என்பதே அவர்கள் பயமாக இருக்கலாம். அதற்குப் பதில் சொல்லாமல் பெட்டியைக் கட்டாதீர்கள்.

2. தாம் அறிந்த ஒருவரிடம் ஒப்படைத்தார்.

மூன்று வருஷம் தம்மோடு நடந்தவரை ஆண்டவர் தெரிந்தெடுத்தார். சந்தையில் கறவை மாடு வாங்குகிறவன்கூட நடக்கவிட்டுப் பார்த்து, கறந்து பார்த்தே பணம் கொடுக்கிறான். பெற்ற தாய்க்கு இடம் தேடுகிற நாம் வரவேற்பறையின் பளிங்குத் தரையைக் கண்டு மயங்கலாமா?

இரண்டு முறை போங்கள். ஒருமுறை சொல்லிவிட்டு, மறுமுறை சொல்லாமல், இராச்சாப்பாட்டு வேளையிலோ ஞாயிறு மாலையிலோ. முதலில் பார்க்கவேண்டியது, எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறவரின் கட்டில். அவர் கைக்கு எட்டும் இடத்தில் தண்ணீர் இருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? மூத்திர வாடை அடிக்கிறதா? படுத்த படுக்கையானவரை ஏறக்குறைய இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். அதை யார் செய்கிறார் என்று கேளுங்கள். நல்ல உடம்போடு இருப்பவரை எந்த இல்லமும் நன்றாக வைத்துக்கொள்ளும். எதிர்த்துக் கேட்க வாயில்லாதவரை நடத்தும் விதமே அந்த இல்லத்தின் உண்மையான முகம்.

பிறகு மற்றவை. இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா? டாக்டர் எப்போது வருகிறார்? திடீரென்று நோய் கண்டால் தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கோ எப்படிக் கொண்டுபோவார்கள்? நம் வாய்க்குப் பழகிய கஞ்சியும் மீன் குழம்பும் கிடைக்குமா? குருவானவர் வந்து நன்மை கொடுக்கவும் அவஸ்தை பூசவும் தடையில்லையா? அங்குள்ள பெரியவர்களோடு, வேலையாள் அருகில் இல்லாதபோது பேசுங்கள்.

பணக் காரியத்தை எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, விலகினாலோ மரித்தாலோ திரும்புமா, மாதக் கட்டணத்துக்கு வெளியே எவையெவைக்குத் தனிப் பணம் என்று கேளுங்கள். நடமாடுகிறவரை மாத்திரம் வைத்திருந்து, படுக்கையில் விழுந்ததும் கூட்டிப்போகச் சொல்லும் இடங்களும் உண்டு. கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோருக்கென்றே கட்டி விற்கும் வீடுகளை நாடுகிறவர்கள் இதை முக்கியமாக விசாரிக்கவேண்டும். அரசுப் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

3. சீடர் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார்.

அருளப்பர் தேவமாதாவைத் தமது சொந்தத் தாயாக ஏற்றார். இதே மனதை 1839-ம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரான்ஸ் தேசத்துச் சேன் செர்வான் ஊரில் ஜான் ஜுகான் என்ற ஏழைப் பெண்ணிடம் காண்கிறோம். ஆதரவற்ற ஒரு குருட்டுக் கிழவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, தம் சொந்தக் கட்டிலையே கொடுத்தார். அதிலிருந்து பிறந்ததே ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை. 1882-ல் அது கல்கத்தாவுக்கும் வந்தது. பாப்பரசர் 16-ம் பெனடிக்ட் 2009-ல் அவரை அர்ச்சியசிஷ்டவளாகப் பிரசித்தம் செய்தார். தன் கட்டிலைக் கொடுக்கும் மனம் உள்ளவர்கள் நடத்தும் இல்லமே நாம் தேடவேண்டிய இல்லம்.

ஆனால் எவ்வளவு நல்ல கன்னியர் பார்த்தாலும், மகன் என்ற கடமை மகனைவிட்டு நீங்காது. வாரம் ஒருமுறை, முடியாதபோது மாதம் ஒருமுறையாவது நேரில். வெளிநாட்டிலிருந்தால் நாள்தோறும் ஒரு போன். கிறிஸ்துமஸுக்கும் உயிர்த்த ஞாயிற்றுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வீட்டுக்குக் கூட்டிவாருங்கள். அவர்கள் அறையை வாடகைக்கு விடாதீர்கள்.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒரு சொல். அறிவு தெளிவாயிருக்கும்போதே உங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். வீட்டை எழுதிக் கொடுப்பதானால், கடைசிவரை கவனிக்கவேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். அது மீறப்பட்டால், 2007-ம் ஆண்டுப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம். பராமரிப்புக் கேட்டும் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். ஆலோசனைக்கு 14567 என்ற இலவசத் தொலைபேசி எண் உண்டு.

இவ்வாரப் பிரதிக்கினை: வீட்டில் வயதானவர் இருந்தால், ஒரு மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்களுக்கு என்ன விருப்பம்?” என்று கேளுங்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

சேசுவின் திவ்விய ஆசீர் உங்கள் குடும்பங்களில் நிலைப்பதாக.

உங்கள் பங்குக் குருவானவர்