பிள்ளையின் கையில் எந்தக் கதைப்புத்தகம்?



2010ஆம் ஆண்டு தறப்பாள் கொட்டிலில் இருந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றேன். செபமாலை ஒருநாளும் தவறாத வீடு. தகப்பன் ஒரு கதைப்புத்தகத்தை என்னிடம் நீட்டினார்.

“சுவாமி, நரி கதைக்குமே? பொய்க் கதையைப் படிச்சால் பிள்ளை பொய் சொல்லப் பழகாதோ? செபப்புத்தகம் போதும் எண்டு சொல்லிப்போட்டன். இவள் நெல்லு மூட்டைக்குள்ள ஒளிச்சு வைச்சிட்டு, இல்லை எண்டு சாதிச்சவள்.”

சிந்தித்துப் பாருங்கள். அப்பிள்ளை பொய் சொல்லப் பழகியது நரியிடமிருந்தா, அச்சத்திலிருந்தா?

பொய் ஏமாற்றுவதற்காகச் சொல்லப்படுவது. கதையோ, கதை என்று தெரிந்தே கேட்கப்படுவது. திருவிவிலியத்திலும் மரங்கள் பேசுகின்றன. நீதித் தலைவர்கள் நூல் 9ஆம் அதிகாரத்தில் மரங்கள் தமக்கு ஓர் அரசனைத் தேடுகின்றன. ஒலிவமும் அத்தியும் திராட்சையும் மறுக்க, முட்செடி சம்மதிக்கிறது. தகுதியற்றவன் ஆளவந்தால் நேரும் கேட்டை மக்களுக்கு உணர்த்தவே அக்கதை சொல்லப்பட்டது. இயேசுவும் விதைப்பவரையும் ஊதாரி மைந்தனையும் கதையாகவே சொன்னார். வீரமாமுனிவர் (1680–1747) இயேசு சபைக் குரு. அவர் எழுதிய ‘பரமார்த்த குருவின் கதை’ ஒரு மூடக் குருவைக் கண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது. அதனால் எவருடைய விசுவாசமும் குலைந்துவிடவில்லை.

ஆயினும் எல்லாப் புத்தகமும் நல்லதல்ல. விதைநெல்லை உப்புநீரில் இட்டுப் பதரை நீக்குகிறோம். பதர் உண்டென்று மூட்டையையே எறிவதில்லை. கதைப்புத்தகத்தையும் அவ்வாறே தெரிவு செய்வோம்.

1. முதலில் நீங்கள் முழுவதும் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் பிள்ளையைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள்.

2. கதை யாரைப் பார்த்துச் சிரிக்க வைக்கிறது? உடற்குறை உள்ளவரையோ வேறு சாதியாரையோ சமயத்தாரையோ இழிவுபடுத்தினால் விலக்குங்கள்.

3. இழப்பைக் கண்ட பிள்ளைக்குப் பயங்கரத்தோடு முடியும் கதை வேண்டாம். பயம் வந்து, துணை கிடைத்து, வீடு திரும்பும் கதை மனதை ஆற்றும்.

4. அயலவரின் சமயக் கதையென்று அஞ்ச வேண்டாம். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. பிள்ளையோடு இருந்து வாசித்து, நம் விசுவாசத்தையும் எடுத்துச் சொல்லுங்கள்.

வாங்க வசதியில்லையா? பாடசாலை நூலகத்தில் இரவல் பெறலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் தோட்டத்து வெருளியை வைத்தே ‘கத்தரி வெருளி’ என்று சிறுவருக்குப் பாடினார். விட்டு வந்த ஊரின் குளத்தையும் வயலையும் வைத்து நீங்களும் கதை சொல்லலாம். ஊரைக் காணாத பிள்ளைக்கு அது முதுசம்.

அன்று மாலை செபமாலை முடிந்தபின் மகள் வாசித்தாள், தகப்பன் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த முறை நான் சென்றபோது அப்புத்தகம் நெல்லு மூட்டைக்குள் இல்லை. செபப்புத்தகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

குழுவாகக் கலந்துரையாட:

அ) நம் பிள்ளைகள் நமக்கு ஒளித்து வைப்பவை எவை? ஏன் ஒளிக்கிறார்கள்?

ஆ) சிறுவயதில் நீங்கள் கேட்ட எந்தக் கதையை இந்த வாரம் பிள்ளைக்குச் சொல்வீர்கள்?