மைக் கிடைச்சா என்ன பேசுவீங்க?

போன வருஷம் டிபார்ட்மெண்ட் ஃபுட்பால் ஃபைனல். மைக் என் கையில். த்ரோ-இன்னில் வந்த பந்தை வாங்கி ஒருத்தன் கோல் அடிச்சான். "ஆஃப்சைடு! லைன் ரெஃப்ரி தூங்குறாரு!" என்று கத்திவிட்டேன். கொடி பிடித்திருந்தவன் என் ஜூனியர். மேட்ச் முடியும்வரை கேலரி மொத்தமும் அவனைக் கத்தியே கொன்றது. ஆம்பூரிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், ஒரு காலத்தில் ரெஃப்ரியாக இருந்தவராம், பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "தம்பி, த்ரோ-இன்ல ஆஃப்சைடு கிடையாது."

11-ஆவது விதியில் தெளிவாக இருக்கிறது. த்ரோ-இன், கோல் கிக், கார்னர் கிக், இந்த மூன்றிலிருந்தும் பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு இல்லை.

டிவியில் இரண்டு குரல் கேட்கிறீங்க இல்லையா? ஒருவர் பந்து யார் காலில் என்று சொல்லிக்கொண்டே போவார். இன்னொருவர் பெரும்பாலும் பழைய ஆட்டக்காரர். அது ஏன் அங்கே போனது என்று சொல்வது அவர் வேலை. உதாரணத்துக்குப் பழைய பந்து. 1982 வரை உலகக் கோப்பைப் பந்து நிஜத் தோல். 1986-இல்தான் முழுக்க செயற்கைப் பொருளுக்கு மாறியது. விதிப்படி ஆட்டம் தொடங்கும்போது எடை 410 முதல் 450 கிராம். மழை பெய்தால்? தோல் தண்ணி குடிச்சா என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லணுமா? அதைத் தலையால் முட்டியவர் சொன்னால் அது வேற மாதிரி இருக்கும்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடித்த ஆள் ஜிம்மி ஹில். ஃபுல்ஹாம் அணியில் ஆடியவர். இங்கிலாந்து வீரர்களின் சங்கத் தலைவராக இருந்து, வாரம் 20 பவுண்டுக்கு மேல் சம்பளம் கிடையாது என்ற விதியை 1961-இல் ஒழிக்க வைத்தவர். பிறகு டிவிக்குப் போனார். 1970 உலகக் கோப்பைக்கு ஐடிவி, ஆட்டக்காரர்களையும் பயிற்சியாளரையும் வட்டமாக உட்கார வைத்து வாதாட விட்டதே, அதில் இவர் பங்கு பெரியது. 1972 செப்டம்பரில் ஆர்சனல், லிவர்பூல் மேட்ச் நடுவே லைன்ஸ்மேனுக்கு அடிபட்டது. பார்க்க வந்திருந்த ஹில், ரெஃப்ரி தகுதி பெற்றவர் என்பதால், ட்ராக் சூட்டோடு இறங்கிக் கொடி பிடித்தார்! ஆடியவர், விதி தெரிந்தவர், பேசத் தெரிந்தவர், மூணும் ஒரே ஆள்.

எல்லாரும் அப்படி இல்லை. பல பழைய ஆட்டக்காரர்கள் விதியில் சறுக்குவார்கள். "பந்தைத்தானே தொட்டார், எப்படி ஃபவுல்?" என்பார்கள். பந்தைத் தொட்டாலும், மோதியது கவனக்குறைவாகவோ முரட்டுத்தனமாகவோ இருந்தால் ஃபவுல்தான். "கடைசி ஆள், அதனால் ரெட் கார்டு" என்பதும் விதியில் இல்லை. கோலுக்கு எவ்வளவு தூரம், எந்தத் திசையில் போகிறார், பந்து வசப்படுமா, தடுக்க எத்தனை பேர் எங்கே நிற்கிறார்கள், இந்த நாலையும் பார்க்கணும்.

அதனால்தான் முன்னாள் ரெஃப்ரிகளும் டிவிக்கு வந்தார்கள். பிரிமியர் லீக் ரெஃப்ரியாக இருந்த பீட்டர் வால்டன் பிடி ஸ்போர்ட்டில் இதையே வேலையாகச் செய்தார். 2019-இல் அங்கே விஏஆர் வந்தபின் இவர்களுக்குத் தேவை இன்னும் கூடியது. 2022 கத்தாரில் கூரைக்கடியில் 12 கேமரா, ஒவ்வொரு ஆட்டக்காரர் உடம்பிலும் 29 புள்ளிகள், நொடிக்கு 50 முறை அளவு. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பியது. இசிஇ பசங்களே, இதை அம்மாவுக்குப் புரியும்படி இருபது நொடியில் தமிழில் சொல்லிப் பாருங்க. கஷ்டம் தெரியும்.

அந்த உலகக் கோப்பையை ஜியோசினிமா தமிழிலும் தந்தது. நம் மொழியில் இந்த நாற்காலி இருக்கிறது, அதில் உட்காரத் தயாராகணும். விதிப் புத்தகம் ஐஎஃப்ஏபி தளத்தில் இலவசம். முதலில் 11, 12 ரெண்டையும் படிங்க. அப்புறம் ஒரு பழைய மேட்சை மியூட்டில் போட்டு, பத்து நிமிஷம் பேசி ரெக்கார்ட் பண்ணுங்க. ஸ்க்ரீனில் தெரிவதையே திரும்பச் சொன்ன இடங்களை எண்ணுங்க. என் முதல் ரெக்கார்டிங்கில் முக்கால்வாசி அதுதான்.

ஜூனியரிடம் அன்றைக்கே ஸாரி சொன்னேன். இந்த வருஷ ஃபைனலுக்கு மைக் மேஜையில் ரெண்டு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். ரெண்டாவது அவனுக்கு.