பழைய தோல் பைக்குக் கடையிலிருந்து எதைக் கொடுப்பது?

மளிகைக் கடைக்காரரிடம் வாடிக்கையாளர் கேட்காத சந்தேகம் கிடையாது. வயிற்று வலிக்கு ஓமமா சீரகமா என்பதில் தொடங்கி, பித்தளைக் குடத்துக்குப் புளியா எலுமிச்சையா என்பது வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்லியாக வேண்டும். குன்றாண்டார்கோவில், கீரனூர் வட்டாரத்தில் பரண் ஒழிக்கும் வீடுகளிலிருந்து இன்னொரு கேள்வியும் வரும். தாத்தா வசூலுக்கு எடுத்துப்போன தோல் பை, அம்மாவின் கல்யாணத்துக்கு வாங்கிய கைப்பை, பூசணம் பிடித்து விறைத்துக் கிடக்கிறது. "அண்ணே, இதுக்கு என்ன போட்டுத் துடைக்கலாம்?" என்பார்கள். நம்மில் பலர் தேங்காய் எண்ணெய் பாட்டிலையோ ஆப்ப சோடாப் பொட்டலத்தையோ எடுத்து நீட்டிவிடுகிறோம். இரண்டுமே பையைக் கெடுக்கும். நமக்கு நடப்பது சில்லறை வியாபாரம். அவர்களுக்குப் போவது காசு கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாத பொருள். அடுத்த முறை நம் வார்த்தையை அவர்கள் நம்பவும் மாட்டார்கள்.

தோல் நமக்குத் தெரியாத சரக்கு அல்ல. நம் பக்கத்துச் செம்மண் மேடுகளில் ஆவாரை தானாக முளைத்துக் கிடக்கிறது. நாட்டு மருந்து வைத்திருக்கும் கடைகளில் கடுக்காய் எப்போதும் உண்டு. தமிழ்நாட்டின் பழைய முறைப்படி தோல் பதனிட்டது இந்த இரண்டையும் வைத்துத்தான். ஆவாரம் பட்டை ஊறிய நீரில் தோலைப் பதப்படுத்தி, கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு நிறம் தெளிய வைப்பார்கள். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி போகிற சாலையில் உள்ள செம்பட்டு, திண்டுக்கல், வாணியம்பாடி, ஆம்பூர் எல்லாம் தோல் ஷாப்புகளுக்குப் பேர்போன ஊர்கள். இங்கிருந்து கப்பலேறிய அந்தப் பழுப்புத் தோலை வெளிநாட்டார் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்றார்கள். அது இன்று புவிசார் குறியீடு பெற்ற பொருள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமிய உப்பால் பதனிடும் முறை சென்னைக்கு வந்தது. குரோம்பேட்டை என்ற ஊர்ப்பெயரே அந்தத் தொழிற்சாலையால் வந்ததுதான்.

ஆகவே பையைக் கையில் வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வகை என்பதை. ஓரத்தில் தையல் பிரிந்த இடத்தில் வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே முழுவதும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம் தோல். துணி இழை தெரிந்தால் அது தோலே இல்லை, ரெக்சின். ரெக்சினில் மேல்பூச்சு உரிய ஆரம்பித்துவிட்டால் எந்த எண்ணெயும் அதை ஒட்ட வைக்காது. அதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது. பிறகு பையின் அடியில், கண்ணில் படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் மேல்பூச்சு இல்லாத தோல். அதன்மேல் ஈரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளலாம். சொட்டு முத்தாக நின்றால் பூச்சு உண்டு. ஈரத்துணியைச் சிறிது தாங்கும்.

விரலால் தடவும்போது செங்கல் பொடி போலச் சிவந்த தூள் ஒட்டினால் அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். பட்டைத் தோலுக்கு வயதாகி, காற்றில் உள்ள கந்தகப் புகையால் உள்ளே அமிலம் சேர்ந்து, நார் இற்றுப்போன நிலை அது. நம் ஆவாரைத் தோலுக்கு இந்தப் பலவீனம் கொஞ்சம் கூடுதல் என்பதை மறைப்பதற்கில்லை. இங்கிலாந்தில் புத்தக அட்டைகள் இப்படிப் பொடிவதைக் கண்டு லண்டன் கலைச் சங்கம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. 1905-இல் வெளியான அதன் அறிக்கை, ஆவாரம் பட்டையில் பதனிட்ட இந்தியத் தோல் சீக்கிரம் இற்றுப்போகிறது என்றும், கடுக்காய் சேர்ந்த வகைத் துவர்ப்புகளில் பதனிட்டவை கூடுதல் நாள் தாங்குகின்றன என்றும் பிரித்துக் காட்டியது. இற்ற நாரைப் பழையபடி ஆக்க வழி கிடையாது. எண்ணெய் தடவினால் பொடி சேறாகும். தண்ணீர் பட்டால் கறுத்துச் சுருங்கும். தூசியை ஊதிவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றி, நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நல்ல நிலையில் உள்ள பைக்குப் பாதி வேலை உலர்ந்த கையாலேயே முடிந்துவிடும். பையைக் காலி செய்து, உள் துணியை வெளியே இழுத்து உதறி, பழைய ஷேவிங் பிரஷால் தையல் இடுக்கு, மடிப்பு எல்லாம் தட்ட வேண்டும். பூசணம் இருந்தால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், அதன் விதை அரிசி மூட்டை வரை பறக்கும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு வெளியே நிழலில் தட்டி, இரண்டு மூன்று நாள் காற்றாட விட வேண்டும். வெயிலில் காயப்போடுவது நம் ஊர்ப் பழக்கம்; மிளகாய்க்கு அது சரி, தோலுக்கு ஆகாது. ஈரம் உள்ள தோலைச் சூடு சுருக்கிவிடும். முதிர்ந்த பட்டைத் தோல் புதிய தோலைவிடக் குறைந்த சூட்டிலேயே சுருங்கும்.

எண்ணெய்க் கறை இருந்தால் அதன்மேல் முகப்பவுடரைத் தாராளமாகத் தூவி ஓர் இரவு விட்டு, காலையில் தட்டிவிடலாம். மைதா, கடலை மாவு வேண்டாம். இடுக்கில் தங்கி வண்டை அழைத்துவரும்.

பூச்சு உள்ள பையில் இன்னும் அழுக்கு நின்றால், ஒரு டம்ளர் தண்ணீரில் குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு சொட்டு விட்டு, துணியை நனைத்து, பிழியப் பிழியப் பிழிந்த பிறகு, பை முழுவதும் ஒரே சீராகத் துடைக்கலாம். கறை இருக்கும் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு வட்டம் நிரந்தரமாக நிற்கும். துணி சோப்பும் சோடாவும் ஏன் ஆகாது என்றால், தோல் சற்றுப் புளிப்புத் தன்மை கொண்டது. இவை இரண்டும் காரத் தன்மை கொண்டவை. பட்டைத் தோலைக் காரம் கறுப்பாக்கும், பதத்தையும் உருவிவிடும். பிளீச்சிங் பவுடரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பை நாற்றம் போக ஆப்ப சோடாவைத் துணியில் முடிந்து உள்ளே வைக்கலாம், அதுவும் தோலில் படாமல்.

இனி எண்ணெய். "தோல் ஷாப்பிலேயே எண்ணெய் போடுகிறார்களே" என்று கேட்பவர் உண்டு. அங்கே தோல் ஈரமாக இருக்கும்போது எண்ணெய் கொடுக்கிறார்கள். நீர் வெளியேற வெளியேற அது நாருக்கு நார் பரவி உட்காருகிறது. உலர்ந்த பழைய பையில் நாம் ஊற்றும் எண்ணெய் கண்ட இடத்தில் தங்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்து வெள்ளையாகப் பூக்கும். நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் நாளாவட்டத்தில் பிசுக்காகிக் காறல் வாடை தரும். ஆளிவிதை எண்ணெய் இறுகித் தோலையே விறைக்கச் செய்யும். நம் கடையில் இருப்பவற்றில் விளக்கெண்ணெய் உலர்ந்து பிசினாகாது. அதையும் ஒரு பைக்கு அரைத் தேக்கரண்டிக்கு மேல் விடக்கூடாது. துணியில் தொட்டுத் துணியாலேயே பரப்பி, ஒரு நாள் விட்டு, மீந்ததைத் துடைத்து எடுக்க வேண்டும். நிறம் சற்று ஆழமாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அருங்காட்சியகங்களில் ஒரு காலத்தில் கம்பளிக் கொழுப்பும் தேன்மெழுகும் கலந்த களிம்பைத் தாராளமாகத் தடவி வந்தார்கள். இப்போது அங்கேயும் கையைச் சுருக்கிக்கொண்டுவிட்டார்கள். என் எண்ணத்தில், மடித்தால் வெடிக்காத பைக்கு எண்ணெயே தேவையில்லை. பளபளப்பு வேண்டுமானால் நிறமற்ற ஷூ கிரீம் போதும். கறுப்பு, பழுப்பு பாலிஷ் போட்டால் வெள்ளை வேட்டிதான் துடைக்கும் துணியாகும்.

பித்தளைக் கொக்கியில் புளி தேய்க்காமல் இருக்க ஒருவருக்கும் மனம் வராது. ஆனால் புளித் தண்ணீர் கசிந்து தோலில் கறை வைக்கும். கொக்கிக்கு அடியில் காகிதம் செருகி, உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும். அங்கே பச்சை மெழுகு போல ஒன்று திரண்டிருக்கும். அது தோலின் கொழுப்பும் பித்தளையின் செம்பும் சேர்ந்து உண்டாவது. பல் குத்தும் குச்சியால் எடுத்துவிடலாம். இரும்புக் கொக்கி என்றால் நிலைமை வேறு. கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சியதைப் பெரியவர்கள் அறிவார்கள். துரு பட்ட இடத்தில் பட்டைத் தோல் கறுப்பதும் அதே மைதான். எழுதிய மை எப்படிப் போகாதோ அப்படியே இந்தக் கறையும் போகாது. மேலும் பரவாமல், கொக்கியை மாற்றச் சொல்வது ஒன்றே வழி.

தையல் விட்டிருந்தால் பசை போட்டு ஒட்ட வேண்டாம். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, மெழுகு ஏற்றிய நூலால் பழைய துளைகள் வழியாகவே தைக்கச் சொல்ல வேண்டும். புதிதாகத் துளை போட்டால் ஓரம் தபால்தலை போலக் கிழியும்.

ஐப்பசி மழைக்கு முன்பாகவே பையைப் பத்திரப்படுத்திவிட வேண்டும். உள்ளே வெள்ளைத் தாளோ பழைய பருத்தித் துணியோ திணித்து உருவம் நிற்க வைக்கலாம். செய்தித்தாளின் மை உள் துணியில் ஏறும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் உள்ளே ஈரம் அடைபட்டுப் பத்து நாளில் பூசணம் திரும்பும். துணிப் பை ஒன்றில் போட்டு, சுவரை ஒட்டாமல், அடுப்புப் புகை படாத அலமாரியில் வைக்க வேண்டும். மருந்து டப்பாக்களில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு கிடைத்தால் உள்ளே போடலாம். மழை விட்டதும் தை மாதத்தில் ஒருமுறை எடுத்துப் பார்த்து, கைப்பிடியின் மடிப்பை மட்டும் மெதுவாக வளைத்துச் சோதித்தால் போதும்.