பிரெஞ்சு பிரஸ்ஸில் ஜொகூர் காப்பி

ஜொகூரின் உலு திராம் மளிகைக் கடைகளில் கிடைக்கும் வழக்கமான ‘கோப்பி ஓ’ தூள் பிரெஞ்சு பிரஸ்ஸுக்கு ஒத்துவராது. சீனியும் மார்ஜரினும் சேர்த்துக் கருக வறுத்து நைசாக அரைத்த தூள் அது. பிரஸ்ஸின் சல்லடையில் புகுந்து கோப்பையில் மண்டியாகத் தங்கும். அதற்குத் துணி வடிகட்டிதான் சரி. பிரஸ்ஸுக்கு, ஜொகூரிலேயே குளுவாங், பத்து பகாட் பக்கம் விளையும் லைபெரிக்கா கொட்டையை, எதுவும் கலக்காமல் வறுத்ததாகப் பார்த்து வாங்கி, ரவை பதத்துக்குக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும்.

30 கிராம் தூளுக்கு 450 மில்லி தண்ணீர். குடுவையை முதலில் வெந்நீரில் அலச வேண்டும். பிறகு தூளைப் போட்டு, கொதித்த நீரை அரை நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, 4 நிமிடம் கழித்து மேலே கட்டிநிற்கும் தூளைக் கரண்டியால் கிளறினால் பெரும்பகுதி அடியில் இறங்கிவிடும். மிஞ்சும் நுரையை வழித்தெடுக்கச் சோம்பல்படக் கூடாது. கசப்பும் மண்டியும் குறைவது அதில்தான். பிடியை மெல்ல அழுத்தி, தூளை நசுக்காமல் நிறுத்தி, உடனே ஊற்றிவிட வேண்டும்.

ஈரக்காற்றில் தூளின் மணம் சீக்கிரம் போகும். காற்றுப் புகாத டப்பா அவசியம். உலோகச் சல்லடை காப்பி எண்ணெயைத் தடுக்காது. அதிலுள்ள கஃபெஸ்டால் என்னும் பொருள் கெட்ட கொழுப்பைக் கூட்டும் என்பதால், கொலஸ்ட்ரால் உள்ளவர்கள் காகித வடிகட்டியில் மறுபடி வடித்துக் குடிக்கலாம்.