வைத்தியர் சொல்லும் ஆங்கிலச் சொற்கள்

வைத்தியர்களாகிய நாங்கள் சொல்லும் சில ஆங்கிலச் சொற்களை நம்மவர் பலர் பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள்.

அக்கியூட் – திடீரெனத் தொடங்கியது.

குரோனிக் – நெடுநாள் நீடிப்பது, கடுமையானது என்பதல்ல. நீரிழிவு இவ்வகை. சுகமாக இருந்தாலும் குளிசையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

நெகட்டிவ் – தேடிய நோய் பரிசோதனையில் தென்படவில்லை. கூடாத முடிவு என்று பயப்பட வேண்டாம்.

பினைன் – புற்றுநோயல்லாத கட்டி.

மலிக்னன்ட் – புற்றுநோய்க் கட்டி.

ஹார்ட்பேர்ன் – இரைப்பை அமிலம் மேலெழுவதால் வரும் நெஞ்செரிவு, இதயநோயல்ல. நெஞ்சை அழுத்தும் வலி வந்தால் இச்சொல்லைப் பாவிக்காதீர்கள். ‘செஸ்ட் பெயின்’ என்று சொல்லி, உடனே அம்புலன்ஸை அழையுங்கள்.

விளங்காவிட்டால் தலையாட்டாமல் திரும்பக் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம். அந்தப் பொறுப்பைப் பிள்ளைகளின் தலையில் சுமத்த வேண்டாம்.