ட்ரோன் தேர்வுக் குழுவில் உட்காருமுன்

ராணுவத்துக்கு ட்ரோன் வாங்கும் குழுவிலோ, விற்கும் நிறுவனத்தின் டெண்டர் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்களா? முதலில் டென்மார்க் பட்ட பாட்டைப் படித்துவிடுங்கள்.

1990களின் கடைசியில் டென்மார்க் தரைப்படை பிரான்ஸின் ஸ்பெர்வெர் என்ற ஆளில்லா விமானத்தைத் தேர்ந்தெடுத்து, 'டோர்ன்ஃபால்கன்' என்று பெயர் வைத்தது. கிளப்ப லாரியில் பொருத்திய ஏவுமேடை வேண்டும். இறங்கும்போது பாராசூட்டில் தொங்கியபடி வந்து காற்றுப்பைகள் மேல் விழும். கோளாறும் தாமதமும் ஓயவில்லை. 2005இல் திட்டத்தையே கைவிட்டு, விமானங்களைக் கனடாவுக்கு விற்றுவிட்டார்கள். கனடாவோ ஸ்பெர்வெரை ஆப்கானிஸ்தானில் பறக்கவிட்டது. ஆகவே பழியை விமானத்தின் மீது மட்டும் போடாதீர்கள். ஏவ, மீட்க, பழுதுபார்க்க எத்தனை பேர், என்ன பயிற்சி, எத்தனை வண்டி என்ற கணக்கும் விலையோடு சேர்ந்ததுதான். அதைக் கேட்க வேண்டியவர் நீங்கள்.

2007இல் டென்மார்க் வாங்கியது ரேவன் என்ற சிறிய ட்ரோன். 2 கிலோகூட இல்லை. கையால் வீசினால் பறக்கும். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் ரோந்து போகும் வீரருக்கு அடுத்த மண்சுவருக்குப் பின்னால் யார் என்று தெரிந்தால் போதும், அதற்கு இது சரி. 2012இல் பூமா என்ற ட்ரோனைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறக்குறைய 6 கிலோ, இறக்கை 2.8 மீட்டர், இதையும் கையால்தான் வீச வேண்டும், தண்ணீரிலும் இறங்கும். பல இடங்களுக்குப் போகும் படைக்கு இந்தக் குணம் பெரிது.

பெரிய விமானமே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்க்டிக், வட அட்லாண்டிக் கண்காணிப்புக்காக டென்மார்க் 2025இல் நான்கு எம்க்யூ-9பி விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. கிரீன்லாந்தின் பரப்பைக் கையால் வீசும் ட்ரோன் காவல் காக்காது. ஆனால் எம்க்யூ-9பிக்கு ஓடுதளம், செயற்கைக்கோள் இணைப்பு, தனிப் படைப்பிரிவு எல்லாம் வேண்டும். படையோடு சேர்ந்து அது நடந்து போகாது.

விற்பனையாளர் தரும் விவரப் பட்டியலில் 'பறக்கும் நேரம்' முதல் வரியில் இருக்கும். அங்கே தொடங்காதீர்கள். யார் சுமப்பார், எங்கிருந்து கிளம்பும், உதிரிபாகம் எத்தனை நாளில் வரும் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

டெமோ நாளில் விற்பனையாளரின் பைலட்டை ஓரமாக நிற்கச் சொல்லுங்கள். கையுறையும் கவச உடையும் போட்ட சாதாரணச் சிப்பாய் ஒருவர் பெட்டியைத் திறந்து, இறக்கையை மாட்டி, பேட்டரியைச் செருகி வீசட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது, எந்தக் கொக்கியில் விரல் தடுமாறுகிறது என்பதை நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். இரவிலும் ஒருமுறை செய்யச் சொல்லுங்கள்.