உடம்பு சில்லிட்டால் காய்ச்சல் விட்டதாக அர்த்தமா?

"உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு, காய்ச்சல் விட்டுடுச்சு." உயிரைப் பறிக்கும் நம்பிக்கை இது. கிருமித்தொற்றை எதிர்க்கக் கிளம்பிய உடல், கட்டுமீறித் தன் உறுப்புகளையே பழுதாக்குவதுதான் செப்சிஸ். முதியவர்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் அதில் காய்ச்சலே இல்லாமலும் போகலாம். கைகால் சில்லிட்டு, மூச்சு வாங்கி, பேச்சு குழறி, சிறுநீர் குறைந்தால் ரத்த அழுத்தம் விழுகிறதென்று சந்தேகப்பட வேண்டும். விரல் நுனியை 10 விநாடி அழுத்திவிட்டால் 3 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். தாலுகா மருத்துவமனையிலும் செய்யக்கூடிய இந்தச் சோதனையை வைத்தே சிகிச்சையை நடத்த முடியும் என்பதைத் தென்னமெரிக்க ஆய்வொன்று 2019இல் காட்டியது.

"பெரிய ஊசி போட்டா எந்தக் காய்ச்சலும் அடங்கும்." தர்மபுரி போலக் காடும் கழனியும் கலந்த மாவட்டங்களில் இதை அழுத்தமாக மறுக்க வேண்டியிருக்கிறது. புதர்களில் வாழும் சிற்றுண்ணியின் இளம்பூச்சி கடித்து வரும் உண்ணிக் காய்ச்சலும் முற்றினால், ரத்த அழுத்தம் விழும் அதிர்ச்சி நிலைக்குப் போகும். செஃப்ட்ரையாக்சோன், விலை உயர்ந்த மெரோபெனம் எதுவும் அதைத் தொடாது. முக்கியமாகக் கேட்பவை டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும்தான். வேலூர் சி.எம்.சி. தலைமையில் இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், தீவிர நோயாளிகளுக்கு இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியபோது சிக்கல்கள் விரைவாகத் தீர்ந்தன. இறப்பு விகிதத்தில் மட்டும் பெரிய வேறுபாடு இல்லை. அதனால்தான் சீக்கிரம் கண்டுபிடிப்பது முக்கியம். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பக்கம் எங்காவது சிகரெட்டால் சுட்டதுபோல் வலியில்லாத கருப்புப் பொருக்கு இருந்தால், கூச்சப்படாமல் டாக்டரிடம் காட்டுங்கள். சிலருக்கு அது இருக்காது. அதனால் ஆடு மேய்த்ததை, விறகுக்குப் போனதையும் சொல்லுங்கள்.

"குளுக்கோஸ் ஏத்தினா தெம்பு வரும்." அதிர்ச்சி நிலைக்குத் தேவை ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புத் திரவம்: பெரியவர்களுக்கு முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. என்பது உலக வழிகாட்டுதல். அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றக் கூடாது. ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் நடந்த 2011 ஆய்வில் வேகமாகத் திரவம் ஏற்றப்பட்டவர்களிடையே இறப்பு கூடியது. திரவத்தால் ரத்த அழுத்தம் ஏறாவிட்டால், அதை உயர்த்தும் நார்அட்ரினலின் மருந்து வேண்டும். கை நரம்பிலேயே அந்த மருந்தைத் தொடங்கலாம்.

"எல்லாத்தையும் பெரியாஸ்பத்திரியில பாத்துக்கலாம்." அதிர்ச்சி நிலையில் ஆன்டிபயாடிக் 1 மணி நேரத்துக்குள் உள்ளே போக வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வருகிறவருக்கு அந்த நேரம் வழியிலேயே கரைந்துவிடும். ஆகவே முதல் டோஸை அரூர் மருத்துவமனையிலேயே போட்டுவிட்டு 108 ஆம்புலன்சில் ஏற்ற வேண்டும். கூடப் போகிறவர்கள், என்ன மருந்து, எத்தனை மணிக்குப் போட்டார்கள் என்பதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.